கெட்டி என்றால் நல்லது என்று நினைத்தோம்

எங்கள் வீட்டில் அக்கா தங்கை நாங்கள் இரண்டே பேர். மூத்தவள் தேசம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். இளையவள் நான், கஸ்தூரி. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி எல்லாவற்றின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அக்கா ஐந்தாவதோடு நின்றவள். நான் பி.காம். முடித்தவள். படிப்பை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், நடந்த தப்பில் பெரிய பங்கு என்னுடையது. படிக்காதவள் தலையில் அது விழுந்துவிடக் கூடாது.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. எங்கள் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்தது. தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறேன். போன வாரம் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம் கல்மண்டபம் பக்கம் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். பெரிய வேன் ஒன்றுக்குள்ளேயே மேமோகிராம் மெஷினை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மேமோகிராம் என்பது மார்பகத்துக்கு எடுக்கிற எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுப்பார்கள். வலி கொஞ்சம், கூச்சம் நிறைய. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரி வாடையே ஆகாதவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு கவர் கொடுத்தார்கள். முகாமில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

“ரெண்டு பேருக்கும் பயப்படுற மாதிரி எதுவும் தெரியலைக்கா. ஆனா ரெண்டு பேருக்குமே மார்பு கெட்டியா இருக்குன்னு வந்திருக்கு. அதனால...”

அந்த ‘அதனால’வுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அக்கா காதில் ஏறவில்லை. கெட்டி என்ற இடத்திலேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

காசிமேட்டில் கெட்டி என்பதைவிட நல்ல சொல் கிடையாது. மீனைக் கட்டைவிரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். அது கெட்டி, அது புது மீன். அமுக்கின பள்ளம் அப்படியே நின்றால் அது நொந்த மீன், பாதி விலைக்குக்கூடப் போகாது. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்லி வியாபாரம் செய்தவளிடம் போய் உனக்கு மார்பு கெட்டி என்றால் அவள் என்ன நினைப்பாள்? மறுநாள் காலை ஏலம் முடிவதற்குள் மீன் கடை வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது.

“இன்னாமே நாகம்மா, தெரியுமா சேதி? மிஷின்லியே போட்டுப் பாத்துட்டாங்கோ. இந்த வயசுலயும் என்னுது கெட்டியாம்!”

பக்கத்துக் கூடை நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அதிலிருந்து அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் “இன்னா தேசம்மா, கெட்டியா கீறியா?” என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அக்காவும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, “கெட்டிதான், உனுக்கு இன்னா?” என்பாள். கேட்கிறவர்களுக்கு ஒரு சிரிப்பு, அவளுக்கு ஒரு பெருமை.

நான் என் கவரைப் பிரித்துப் படித்தேன். கட்டி எதுவும் தெரியவில்லை, திசு அடர்த்தி மிக அதிகம், டாக்டரைப் பார்த்துக் கூடுதலாக ஸ்கேன் எடுப்பது நல்லது என்று ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அக்காவின் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது. ‘கெட்டிதானே, அப்புறம் பார்க்கலாம்’ என்று கவரை ஃபிரிட்ஜ் மேல் காலண்டர்களுக்கு அடியில் வைத்தேன். ஆறு மாதம் அது அங்கேயே இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலை வாரக் கையைத் தூக்கியபோது கண்ணாடியில் கண்டேன். இடது மார்பின் மேல்பக்கத்தில் தோல் லேசாக உள்ளே இழுத்தது. கையை இறக்கினால் இல்லை, தூக்கினால் இருந்தது. நாலைந்து தடவை தூக்கி இறக்கிப் பார்த்தேன். பிறகு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன், அக்காவுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, கட்டைவிரலால் அமுக்கினாள். மீனை அமுக்குகிற அதே அமுக்கு.

“கெட்டியாத்தான் கீது. கல்லாட்டம் கீது. போய் வேலையப் பாரு” என்றாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மை. அங்கே கல்லாட்டம்தான் ஒன்று இருந்தது.

என் வீட்டுக்காரர் ரவி டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்று பழகியவர் என்பதால் எதற்கும் அவசரப்பட மாட்டார். அன்றைக்கு மட்டும் நான் சொல்லி முடிப்பதற்குள், “நாளைக்கு லீவு சொல்லிடு. நானும் வண்டி எடுக்கல” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனோம். வெளிநோயாளிகள் கூடத்தில் எல்லாப் பெண்களின் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக் காதில் விழாமல் யாராவது உட்கார்ந்திருந்தால், நாலு பக்கத்திலிருந்தும் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் ஒரு அம்மா எழுப்பினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலில் மறுபடியும் மேமோகிராம். படத்தில் அந்த இடம் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். கையில் தட்டுப்படுவது படத்தில் இல்லையே என்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதேதான். ஜில்லென்று பசை தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டே திரையில் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்த பெண் நல்ல வாயாடி. எந்த ஏரியா, எத்தனை பிள்ளைகள், வஞ்சிரம் இப்போது என்ன விலை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். கருவியை அங்கேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகும்போது என் கையைப் பிடித்து, “ஊசிப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீங்கக்கா” என்றார். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் நிச்சயம் தள்ளிப் போட்டிருப்பேன்.

ஊசிப் பரிசோதனையை பயாப்சி என்கிறார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் மாதிரி கொஞ்சம் சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. முடிவு வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் ஒரு கண்டெய்னர் நம்பரைக்கூட நான் தப்பாக ஏற்றவில்லை. வீட்டில்தான் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

முடிவு சொல்லும் நாளில் ரவியும் அக்காவும் கூட வந்தார்கள். டாக்டர் குள்ளமான பெண்மணி, பெரிய மூக்குக் கண்ணாடி. வெளியே நூறு பேர் நின்றாலும், நாற்காலியில் உட்கார்ந்த ஆளிடம் அவசரம் காட்டாதவர்.

“புற்றுநோய்தான். ஆனா சின்னது. சீக்கிரம் வந்துட்டீங்க. கட்டியை மட்டும் எடுத்தாப் போதும்னு நினைக்கிறேன்” என்றார்.

ரவி என் முதுகில் கை வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பையிலிருந்த முகாம் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல அப்பவே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்களே?”

அக்காதான் முந்திக்கொண்டாள்.

“அதுல கெட்டின்னுதானே மேடம் போட்டுகீது? கெட்டின்னா நல்லா கீதுன்னுதானே?”

டாக்டர் சிரிக்கவில்லை. என் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, அக்காவைக் கிட்டே வரச் சொன்னார்.

“கையில தொட்டா கெட்டியா இருக்குறது வேற, இது வேறம்மா. இந்த அடர்த்தியைக் கையால கண்டுபிடிக்கவே முடியாது, படத்துல மட்டும்தான் தெரியும். மார்புல கொழுப்பு இருக்கு, பால் சுரப்பி இருக்கு, நார் இருக்கு. எக்ஸ்ரேல கொழுப்பு கருப்பா விழும். சுரப்பியும் நாரும் வெள்ளையா விழும். வெள்ளை ஜாஸ்தியா இருந்தா அடர்த்தின்னு எழுதுவோம். கட்டியும் வெள்ளையாத்தான் விழும். இங்க பாருங்க, எல்லாமே வெள்ளை. இதுல கட்டி எங்க இருக்கு, சொல்லுங்க?”

அக்கா மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். என் மார்பின் பாதி படத்தில் பால் ஊற்றியதுபோல் கிடந்தது.

“ஒண்ணும் தெரியல மேடம்.”

“எங்களுக்கும் தெரியல. அதனாலதான் அடர்த்தி இருக்குறவங்களை ஸ்கேனும் எடுக்கச் சொல்றோம். அடர்த்தி நோய் இல்ல, நிறையப் பேருக்கு இருக்கு. ஆனா புற்றுநோய் வர்ற வாய்ப்பு அவங்களுக்குக் கொஞ்சம் கூட. வந்தாலும் படத்துல ஒளிஞ்சுக்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: “உங்களுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சா?”

அக்கா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். “மொதல்ல இவ ஆவட்டும் மேடம்” என்றாள்.

ஆபரேஷனுக்காக ஒரு வாரம் வார்டில் இருந்தேன். காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவுக்கு யார் கையையும் எதிர்பார்க்கும்படி ஆகவில்லை, அதற்கு ஒரு கும்பிடு. கட்டியையும், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளிலிருந்து இரண்டு நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெறிக்கட்டிக்குள் நோய் போகவில்லை என்று தெரிந்தபோது, அதைச் சொல்ல வந்த நர்ஸையே கட்டிப்பிடித்துவிட்டேன். தையல் வலித்தது, விடவில்லை.

வெட்டின இடத்தில் ஊறுகிற நீர் வடிவதற்கு ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு சின்ன டப்பாவும் மாட்டிவிடுவார்கள். நடந்தால் அதையும் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அக்கா ஒரு நாள் பார்த்தாள். மறுநாள் தன் இடுப்பில் சொருகுகிற சுருக்குப் பையை நன்றாகத் துவைத்து, நீளமாக நாடா தைத்து, என் கழுத்தில் மாட்டி, டப்பாவை அதில் உட்கார வைத்தாள். இருபது வருடமாக மீன் காசு போட்ட பை. எத்தனை துவைத்தாலும் வாசனை போகுமா? வார்டு நர்ஸ் மூக்கை உறிஞ்சி, “யாருப்பா மீன் கொண்டாந்தது?” என்று ஒவ்வொரு கட்டிலாகத் தேடினார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தேன். உண்மை தெரிந்த பிறகு அவரே பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் அப்படி ஒரு பை தைத்துத் தர முடியுமா என்று அக்காவைக் கேட்டார்.

கையைத் தூக்க முடியாததால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. அக்கா ஏலத்துக்குப் போய்விடுவாள், மகள் திவ்யாவுக்குக் கல்லூரித் தேர்வு. ஒரு நாள் காலையில் ரவி சீப்போடு வந்து நின்றார். “திரும்பு” என்றார். மூன்று கால் பின்னல், கொஞ்சம் கோணல், ஆனால் அவிழவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “லைன்ல நிக்கும்போது தார்ப்பாய் கயித்துல போட்டுப் பாத்தேன்” என்றார். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் எனக்கு ரோஜாப்பூ வாங்கித் தந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கோணல் பின்னலுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

ஒரு தேர்வை எழுதிவிட்டுத் திவ்யா வந்த அன்று டாக்டர் வார்டுக்கு வந்தார். என் மகளுக்கு இருபது வயது, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேராகக் கேட்டுவிட்டாள்: “அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே மாதிரி அடர்த்தின்னா, அது ஜீன்ல வர்றதுதானே மேடம்? அப்போ எனக்கும் வருமா?”

நான் கேட்க நினைத்து, கேட்கப் பயந்த கேள்வி அது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அடர்த்தி பெரும்பாலும் குடும்பத்துல வர்றதுதான். ஏன்னு தேடிக்கிட்டிருக்காங்க. ஈஸ்ட்ரோஜன்னு பெண்களுக்கு முக்கியமான ஒரு ஹார்மோன் இருக்கு. மார்புல சுரப்பி வளர்றதுக்கு அதுதான் தூண்டுதல். உடம்புல அதை உண்டாக்கச் சில ஜீன் வேலை செய்யுது. வேலை முடிஞ்சதும் அதை உடைச்சு வெளியேத்தச் சில ஜீன். அது சொல்றதைச் செல் வாங்கிக்கிறதுக்கு ஏற்பின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் ஜீன் இருக்கு. ஆளுக்கு ஆள் இதுலல்லாம் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தாலதான் சிலருக்கு அடர்த்தி கூடுதா? கூடலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. எங்களுக்கு அப்படித் தெரியலைன்னு சிலது சொல்லுது. வயசு, எடை, பிள்ளை பெத்தது, மாதவிலக்கு நின்னது, இதுவும் அதோட சேருது. இந்த ஒரு ஜீன்தான்னு யாராலயும் கை காட்ட முடியாது.”

“அப்போ எனக்கு?”

“உனக்கும் அடர்த்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தா நோய் வந்துடும்னு அர்த்தம் இல்ல. ஒரே ஜீன் பழுதாகி, குடும்பத்துல பல பேருக்கு வர்ற வகை வேற. அந்த ரத்தப் பரிசோதனை உங்கம்மாவுக்குத் தேவையான்னு நாங்க தனியா முடிவு பண்ணுவோம். நீ இப்போ பரீட்சைக்குப் படி. உனக்கு அதுக்கான வயசு வரும்போது எப்போ, எந்தப் படம் எடுக்கணும்னு நான் எழுதித் தர்றேன்.”

‘இருக்கலாம்’ என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், தெரிந்ததைச் சொல்லும்போது நம்பலாம் என்று எனக்குப் பட்டது. எங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்ததோ, அவள் இந்தப் படமெல்லாம் வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு அந்த உடம்பில் இருந்ததை வாங்கி வைத்திருப்பவர்கள் நானும் அக்காவும்தான். என் கட்டியும் ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கேட்டு வளர்கிற வகை என்று ஆய்வில் தெரிந்தது. அந்தப் பேச்சைக் கேட்கவிடாமல் தடுப்பதற்குத்தான் எனக்கு தினசரி மாத்திரை.

வீட்டுக்கு வந்த பிறகு என் கவலையெல்லாம் அக்காமேல் திரும்பியது. அவள் ஸ்கேனுக்குப் போகவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு நாள் சங்கரா வரத்து அதிகம், ஒரு நாள் கோயில் விசேஷம், ஒரு நாள் முழங்கால் வலி. இதற்குள் தினமும் காலை வேளையில் எனக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்திருந்தார்கள், பத்து நிமிட வேலை. அதற்கு ஒரு நாள்கூடத் தவறாமல் துணைக்கு வந்தாள். ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஏலமும் இல்லை, அக்காவுக்குச் சாக்கும் இல்லை. ஒரு மத்தியானம் எனக்குக் குழம்பு வைக்க வேறு கடற்கரையிலிருந்து வந்த ஐஸ் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். கழுவும்போதே திட்டிக்கொண்டிருந்தாள்.

“தொட்டா கல்லாட்டம் கீது. ஐஸ்ல போட்டா செத்து பத்து நாளான மீனும் கெட்டியாத்தான் இருக்கும். நம்பிடக் கூடாது.” சொல்லிக்கொண்டே, புது மீனுக்கு இருக்கிற சிவப்பு இருக்கிறதா என்று செவுளைத் தூக்கி உள்ளே பார்த்தாள். “பரவால்ல, சேப்பாத்தான் கீது.”

நான் சுவரில் விரலால் ஏணி ஏறிக்கொண்டிருந்தேன், தோள் இறுகாமல் இருக்கச் சொல்லித் தந்த பயிற்சி. அப்படியே நின்றுவிட்டேன்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“இன்னாத்த?”

“மீன் கெட்டியா கீதே, அப்புறம் எதுக்கு செவுளத் தூக்கின?”

“கெட்டியா இருந்தா போதுமா? உள்ள இன்னா கீதுன்னு எப்டித் தெரியும்?”

சொல்லி முடித்தவள் கையில் மீனோடு அசையாமல் நின்றாள். குழாய் திறந்தபடி ஓடியது. நான் போய் மூடினேன்.

“அத்தத்தான்க்கா டாக்டரும் கேக்குறாங்க” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் அக்கா அழுது நான் பார்த்ததில்லை, தன் புருஷன் செத்தபோதுகூட ஊர் முன்னால் நிமிர்ந்து நின்றவள். மீன் செதில் ஒட்டின கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“என் வாயாலதான்டி நீ போவல. கெட்டி கெட்டின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே. அன்னிக்கி அமுக்கிப் பாத்து ஒண்ணும் இல்லன்னு வேற சொன்னேன். இப்போ எனுக்கும் கீதுன்னு சொல்லிட்டாங்கன்னா உன்ன யாரு பாத்துப்பா? நீ நல்லா ஆவுற வரைக்கும் எனுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

எனக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது, எது முதலில் என்று சொல்ல முடியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எனக்குப் படிக்கத் தெரியும்க்கா. படிச்சேன். புரிஞ்சுது. ஃபிரிட்ஜ் மேல வெச்சது நான். உன் வாய் ஒண்ணும் பண்ணல” என்றேன். முதல் தடவையாக அதை வெளியே சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, எனக்கு மூச்சு லேசானது. அன்றைக்குக் குழம்பு வைக்கச் சாயந்திரம் ஆகிவிட்டது.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது நான். என் முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாளைவிட அந்த அரை மணி நேரம் நீளம். அதே வாயாடிப் பெண்தான் உள்ளே ஸ்கேன் எடுக்கிறார் என்று தெரியும். கதவில் காதை வைக்காத குறையாக உட்கார்ந்து, பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது, அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் இரண்டும் நின்றன. நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாச் சாமி பேரையும் சொன்னேன், தெரியாத சாமியைக்கூட விடவில்லை. அப்புறம் அந்தப் பெண் சிரிக்கும் சத்தம் வந்தது.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். “ரெண்டு நீர்க்கட்டி கீதாம். அது சும்மாவாம், ஒண்ணும் பண்ணாதாம். வர்ஷா வர்ஷம் வந்து காட்டணுமாம்” என்றாள். “அந்தப் பொண்ணு வஞ்சிரம் கேட்டுச்சு. படகு போவட்டும், நானே கொண்டாந்து தர்றேன்னு சொல்லிகினு இருந்தேன். நீ ஏன்டி நின்னுகினு கீற?”

நோய் தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டு விடாத நான், அந்த வராந்தாவில் வாய்விட்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் அக்காவைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “எனுக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீங்க போங்க” என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

இப்போது நினைத்தால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குக் கணக்கில்லை. தோளைத் தட்டி எழுப்பிய அம்மா. பேச்சை நிறுத்திய பெண். வெள்ளைப் படத்தை அக்காவுக்குக் காட்ட நேரம் ஒதுக்கிய டாக்டர். தார்ப்பாய்க் கயிறு. ‘அதனால’ என்று முடிக்க வந்த அந்த முகாம் பெண்ணை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ சொன்னது சரி என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பிய முதல் வாரம், வேலைக்குப் போகும் முன் காசிமேட்டுக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரம், கூடைக்கு இடையில் காலை வைக்க இடமில்லை. நாகம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, நெற்றியில் விரலை முறித்தாள். பிறகு பழைய ஞாபகத்தில், அக்கா பக்கம் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இன்னா தேசம்மா, இன்னும் கெட்டியா கீறியா?”

நாலு பேர் சிரித்தார்கள். அக்கா எப்போதும்போல இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“கெட்டிதான். அதான் ஆஸ்பத்திரில போய் செவுளத் தூக்கிக் காட்டிட்டு வந்தேன்.” கையிலிருந்த மீனைத் தராசில் போட்டுவிட்டு நாகம்மாவைப் பார்த்தாள். “நீ எப்போ வர்ற?”